9 வெற்றி போதாது என்று கோச்சை துரத்திய ஊர்... இன்று அதே 9-க்கு ஏங்குது!

லிங்கன்,-

அமெரிக்காவின் நடுப்பகுதியில் சோளக்காடுகளுக்கு மத்தியில் இருக்கிறது நெப்ராஸ்கா மாநிலம். கோடை முடிந்து ஆகஸ்டு மாத கடைசி நெருங்கிவிட்டால் அங்கே ஊர் முழுக்க ஒரே பேச்சுதான். முடிவெட்டும் கடையா, பெட்ரோல் பங்க்கா, சர்ச் வாசலா? எங்கே நாலு பேர் கூடினாலும் முதல் கேள்வி இதுதான்.

‘இந்த வாட்டி எத்தனை மேட்ச் ஜெயிப்போம்?’

கேட்பவர் விவசாயியாக இருக்கலாம், லாரி டிரைவராக இருக்கலாம், பேரன் பேத்தி எடுத்த பாட்டியாகவும் இருக்கலாம். பேச்சு எல்லாம் ஒரு கல்லூரி அணியை பற்றித்தான். லிங்கன் நகரில் உள்ள நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்தின் கால்பந்து அணி அது. பெயர் ‘கார்ன்ஹஸ்கர்ஸ்’. சோளம் உரிப்பவர்கள் என்று அர்த்தம். செல்லமாக ‘ஹஸ்கர்ஸ்’.

கல்லூரி பசங்க ஆடும் ஆட்டத்துக்கு ஒரு மாநிலமே ஏன் இப்படி கிடந்து தவிக்கிறது? வருஷா வருஷம் ஏமாந்தும் ஏன் எதிர்பார்ப்பு குறையவே இல்லை? அந்த எதிர்பார்ப்பே அணிக்கு எப்படி வினையாக முடிந்தது? அதுபற்றிய விவரம் வருமாறு:-

இது வேற கால்பந்து

முதலில் ஆட்டத்தை தெரிந்துகொள்வோம். இது காலால் உதைத்து கோல் போடும் கால்பந்து அல்ல. முட்டை வடிவ பந்தை கையில் பிடித்துக்கொண்டு ஓடும் அமெரிக்க கால்பந்து. தலையில் ஹெல்மெட், தோளில் கவசம் மாட்டிக்கொண்டு பக்கத்துக்கு 11 பேர் மோதுவார்கள். மைதானம் 100 கெஜம். பந்தை வைத்திருக்கும் அணிக்கு 4 வாய்ப்பு. அதற்குள் 10 கெஜம் முன்னேறினால் மறுபடியும் 4 வாய்ப்பு கிடைக்கும். இல்லாவிட்டால் பந்து எதிரணிக்கு போய்விடும்.

எல்லையை தாண்டி பந்தை கொண்டு போனால் ‘டச் டவுன்’. அதற்கு 6 புள்ளி. அதன் பிறகு பந்தை கம்பத்துக்கு நடுவே உதைத்தால் கூடுதலாக 1 புள்ளி. உதைக்காமல் மறுபடியும் எல்லைக்குள் கொண்டு போனால் 2 புள்ளி. தூரத்தில் இருந்தே கம்பத்துக்கு நடுவே உதைக்கும் ‘பீல்டு கோல்’ 3 புள்ளி.

ஒரு சீசனில் 12 ஆட்டம். அதில் 6 ஜெயித்தால் சீசன் முடிந்ததும் ‘பவுல்’ என்ற சிறப்பு ஆட்டத்துக்கு தகுதி கிடைக்கும். நாட்டிலேயே தலைசிறந்த அணிகள் மட்டும் சாம்பியன் பட்டத்துக்காக மோதும். 2024-ம் ஆண்டு சீசனில் இருந்து இந்த பட்டத்துக்கான சுற்றில் 12 அணிகளுக்கு இடம் கிடைத்து வருகிறது.

ஊரே சிவப்பு

நெப்ராஸ்காவின் மக்கள்தொகை 2020 கணக்கெடுப்புப்படி சுமார் 19 லட்சத்து 60 ஆயிரம். மொத்த மாநிலத்துக்கும் இவ்வளவுதான். அமெரிக்காவின் முன்னணி தொழில்முறை லீக்குகளில் ஆடும் கால்பந்து அணியோ, கூடைப்பந்து அணியோ, பேஸ்பால் அணியோ இங்கே கிடையாது. கொண்டாட இருப்பது இந்த ஒரு கல்லூரி அணிதான். அதனால் அந்த கல்லூரியில் படித்தவர், படிக்காதவர் என்ற பேதமே இல்லை. காலேஜ் வாசலை மிதிக்காத குடும்பத்திலும் சிவப்பு பனியன் இருக்கும்.

ஆட்டம் நடக்கும் இடம் லிங்கன் நகரில் உள்ள மெமோரியல் ஸ்டேடியம். போர்களில் பணியாற்றிய நெப்ராஸ்கா வீரர்களின் நினைவாக 1923-ல் திறக்கப்பட்டது. சுமார் 85 ஆயிரம் பேர் உட்காரலாம். மாநிலத்தில் முதல் பெரிய ஊர் ஒமாகா, அடுத்தது லிங்கன். மூன்றாவது ஊரான பெல்வியூவில் 64 ஆயிரம் பேர்தான். ஆக, மேட்ச் நடக்கிற சனிக்கிழமைகளில் மாநிலத்தின் 3-வது பெரிய ‘ஊர்’ இந்த ஸ்டேடியம்தான்!

அன்றைக்கு ரோடு எல்லாம் சிவப்பு சட்டை. மாட்டு இறைச்சியும் முட்டைக்கோசும் வைத்து சுட்ட ‘ரன்சா’ என்ற ரொட்டியை வாங்கி தின்றுகொண்டே கூட்டம் உள்ளே போகும். அணி முதல் புள்ளி எடுத்ததும் ஆயிரக்கணக்கான சிவப்பு பலூன்களை வானத்தில் பறக்க விடுவது பல வருஷ வழக்கம். ஹீலியம் வாயு தட்டுப்பாட்டால் 2022-ல் அதை நிறுத்தினார்கள்.

கூட்டத்துக்கு ஒரே ஒரு சாம்பிள். 2023 ஆகஸ்டு 30-ந் தேதி இதே ஸ்டேடியத்தில் பெண்கள் வாலிபால் போட்டி நடத்தினார்கள். வந்தவர்கள் எண்ணிக்கை 92 ஆயிரத்து 3. பெண்கள் விளையாட்டை பார்க்க அமெரிக்காவில் அதுவரை இவ்வளவு கூட்டம் கூடியதே இல்லை.

அந்த பொற்காலம்

இந்த பைத்தியம் சும்மா வந்துவிடவில்லை. 1962-ல் பாப் டிவேனி என்ற பயிற்சியாளர் வந்தார். அதுவரை சோப்ளாங்கியாக கிடந்த அணியை தூக்கி நிறுத்தினார். 1970, 1971-ம் ஆண்டுகளில் தொடர்ந்து 2 முறை தேசிய சாம்பியன்.

அவருக்கு உதவியாளராக இருந்த டாம் ஆஸ்போர்ன் 1973-ல் பொறுப்பேற்றார். நெப்ராஸ்காவில் பிறந்து வளர்ந்தவர், அதிகம் பேசாதவர். 25 சீசன் கோச்சாக இருந்து 255 வெற்றி பெற்றார். தோற்றது 49, டிரா 3. ஒரு வருஷம்கூட 9 வெற்றிக்கு கீழே போனது இல்லை. 1994, 1995, 1997 என்று 3 முறை தேசிய சாம்பியன் பட்டம். 1993 முதல் 1997 வரை 5 சீசனில் 60 வெற்றி, வெறும் 3 தோல்வி!

1969-ல் தொடங்கி 2001 வரை 33 சீசன் தொடர்ச்சியாக குறைந்தது 9 வெற்றி. அந்த காலத்தில் பிறந்து வளர்ந்த பிள்ளைக்கு ‘நம்ம டீம் தோற்கும்’ என்பதே தெரியாது. சாப்பாடு மாதிரி வெற்றியும் தினசரி சமாசாரம் ஆகிவிட்டது. இன்றைய எதிர்பார்ப்புக்கு விதை விழுந்தது இங்கேதான்.

22 வருஷம் காத்திருந்தனர்

ஆனால் ஒரு விஷயத்தை பலர் மறந்துவிடுகிறார்கள். ஆஸ்போர்னுக்கு முதல் பட்டம் கிடைத்தது அவருடைய 22-வது சீசனில்தான். அதுவரை ‘பெரிய மேட்சுல கோட்டை விட்டுருவாரு’ என்று ஊரில் முணுமுணுப்பு இருந்தது.

1984 ஜனவரி 2-ந் தேதி மியாமி அணியுடன் நடந்த ‘ஆரஞ்ச் பவுல்’ ஆட்டம் இன்றைக்கும் பேசப்படுகிறது. ஒரு ஆட்டத்திலும் தோற்காமல் வந்த நெப்ராஸ்கா, 31-17 என்று பின்தங்கி, கடைசி நேரத்தில் 31-30 வரை வந்துவிட்டது. மீதி 48 வினாடி. 1 புள்ளிக்கு உதைத்திருந்தால் ஆட்டம் டிரா. சாம்பியன் பட்டம் அனேகமாக கையில் விழுந்திருக்கும்.

ஆனால் ஆஸ்போர்ன் டிராவுக்கு ஆடவில்லை. ஜெயிக்கணும் என்று 2 புள்ளிக்கு போனார். எறிந்த பந்தை மியாமி வீரர் தட்டிவிட்டார். பட்டம் போச்சு.

இருந்தும் அவரை ஊர் கைவிடவில்லை. ‘தோற்றாலும் ஆம்பளையா தோத்தாரு’ என்று மரியாதை கூடியது. மேலும் 10 வருஷம் காத்திருந்தார்கள், பலன் கிடைத்தது. பிற்பாடு அவரை அமெரிக்க நாடாளுமன்றத்துக்கு எம்.பி.யாகவும் அனுப்பி வைத்தார்கள்.

9 ஜெயிச்சும் வேலை காலி

ஆஸ்போர்ன் ஓய்வு பெற்றதும் 1998-ல் அவருடைய உதவியாளர் பிராங்க் சோலிச் கோச் ஆனார். 1999-ல் லீக் சாம்பியன். 2001 சீசனில் தேசிய சாம்பியன் பட்டத்துக்கான இறுதி ஆட்டம் வரை போய் மியாமியிடம் 37-14 என்று மண்ணை கவ்வினார்கள். 2002-ல் 7 வெற்றி, 7 தோல்வி. ஊர் கொதித்தது.

2003-ல் சோலிச் மீண்டு வந்தார். 9 வெற்றி, 3 தோல்வி. ஆனாலும் பவுல் ஆட்டத்துக்கு முன்பே அவர் நீக்கப்பட்டார்! அணியை சராசரி அணியாக நழுவ விடமாட்டேன் என்ற தோரணையில் அப்போதைய விளையாட்டு இயக்குனர் காரணம் சொன்னார்.

அடுத்து தொழில்முறை அணியில் இருந்து பில் கல்லஹன் வந்தார். முதல் வருஷமே 5 வெற்றி, 6 தோல்வி. 1961-க்கு பிறகு முதல் முறையாக வெற்றியைவிட தோல்வி அதிகம். 35 வருஷமாக தொடர்ந்து பவுல் ஆட்டத்துக்கு போன பெருமையும் அந்த 2004-ல் முடிந்தது. 2007-ல் கன்சாஸ் அணியிடம் 76-39 என்று உதை வாங்கினார்கள். கோச்சும் போனார், அவரை கொண்டு வந்த இயக்குனரும் போனார்.

2008-ல் வந்தார் போ பெலினி. கோபக்காரர். 7 சீசன் இருந்தார். ஒவ்வொரு சீசனிலும் 9 அல்லது 10 வெற்றி. ஆனால் பெரிய ஆட்டங்களில் படுதோல்வி. 2012 லீக் இறுதி ஆட்டத்தில் விஸ்கான்சின் அணி 70-31 என்று பிரித்து மேய்ந்துவிட்டது. 2014-ல் 9 வெற்றி, 3 தோல்வியுடன் இருந்தபோது பெலினிக்கும் கல்தா!

ஆக, 9 ஜெயித்த 2 கோச்களை ‘9 எல்லாம் ஒரு வெற்றியா?’ என்று அனுப்பியது இந்த ஊர்.

அடுத்து வந்த மைக் ரைலி 2016-ல் 9 வெற்றி பெற்றார். அதுதான் கடைசி. அதற்கு பிறகு 2025 வரை ஒரு சீசனில்கூட 9 வெற்றி கிடைக்கவில்லை. ஒரு காலத்தில் போதாது என்று தள்ளிய 9, இன்று எட்டாக்கனி ஆகிவிட்டது.

மண்ணின் மைந்தனும் தோற்றார்

2017-ல் ரைலியும் வீட்டுக்கு அனுப்பப்பட்டார். ‘நம்ம ஊர் பையனை கொண்டு வாங்கய்யா’ என்ற குரல் ஓங்கியது. வந்தார் ஸ்காட் பிராஸ்ட். நெப்ராஸ்காவில் வளர்ந்தவர். 1997 சாம்பியன் அணியில் பந்தை எறியும் ‘குவார்ட்டர்பேக்’காக ஆடியவர். புளோரிடாவில் ஒரு அணிக்கு கோச்சாக இருந்து 2017-ல் தோல்வியே காணாமல் 13-க்கு 13 ஜெயித்துக்காட்டியவர். 7 வருஷத்துக்கு 3½ கோடி டாலர் ஒப்பந்தம். ஊரில் திருவிழா கொண்டாட்டம்.

2018 செப்டம்பர் 1. பிராஸ்ட்டின் முதல் மேட்ச். ஆட்டம் தொடங்கிய கொஞ்ச நேரத்தில் இடி, மின்னல். மேட்ச் ரத்து! அன்றைக்கே சகுனம் சரியில்லை.

அதன் பிறகு முதல் 6 ஆட்டமும் தோல்வி. அவர் இருந்த காலத்தில் மொத்தம் 16 வெற்றி, 31 தோல்வி. அதிலும் கொடுமை என்ன என்றால், கடைசி நேரத்தில் கைநழுவிய ஆட்டங்கள். 2021-ல் 3 வெற்றி, 9 தோல்வி. அந்த 9 தோல்வியிலும் வித்தியாசம் 9 புள்ளி அல்லது அதற்கும் குறைவுதான். ஜெயிக்கிற மாதிரி ஆடி, கடைசியில் கோட்டை விட்டார்கள். ரசிகன் வயிறு எரிந்தது. படுதோல்வி என்றால் டி.வி.யை அணைத்துவிட்டு தூங்கலாம். இது தூங்கவும் விடவில்லை.

2022-ல் அயர்லாந்து நாட்டின் டப்ளின் நகரில் நார்த்வெஸ்டர்ன் அணியுடன் ஆட்டம். நெப்ராஸ்கா 28-17 என முன்னிலை. அந்த நேரத்தில் பந்தை தூர உதைக்காமல், தாங்களே திரும்ப பிடித்துக்கொள்ளலாம் என்று குட்டியாக உதைக்க சொன்னார் பிராஸ்ட். பந்து எதிரணி கையில் போய் விழுந்தது. ஆட்டமும் 31-28 என்று போய்விட்டது.

2 வாரம் கழித்து சிறிய அணியான ஜார்ஜியா சதர்னிடம் சொந்த மண்ணில் 45-42 என தோல்வி. மறுநாளே பிராஸ்ட் நீக்கம். அக்டோபர் 1 வரை பொறுத்திருந்தால் அவருக்கு கொடுக்க வேண்டிய நஷ்டஈடு 75 லட்சம் டாலராக குறைந்திருக்கும். 3 வாரம்கூட பொறுக்க முடியாமல் 1½ கோடி டாலர் கொடுத்து அனுப்பினார்கள்!

எதிர்பார்ப்புக்கும் விலை உண்டு என்பதற்கு இதைவிட சாட்சி வேண்டாம். அணியை நடத்தும் துறையின் வருமானத்தில் டிக்கெட் காசும் உண்டு, நன்கொடை காசும் உண்டு. ஆக, கோச்சை துரத்தும் செலவிலும் ரசிகனுக்கு பங்கு இருக்கிறது.

சரிவுக்கு காரணம் என்ன?

கோச்களை மட்டும் குற்றம் சொல்லி பிரயோஜனம் இல்லை. காலமும் மாறிவிட்டது. முக்கிய காரணங்கள்:-

* ஆள் பற்றாக்குறை: சின்ன மாநிலம். பெரிய அணிக்கு தேவையான அளவு ஆட்டக்காரர்கள் உள்ளூரில் கிடைக்க மாட்டார்கள். முன்பு உதவித்தொகை இல்லாமலே, ‘சிவப்பு சட்டை போட்டா போதும்’ என்று கிராமத்து பையன்கள் வந்து சேர்ந்தார்கள். அந்த படைதான் ஆஸ்போர்னின் ரகசிய ஆயுதம்.

* டி.வி.: ஒரு காலத்தில் வாரத்துக்கு சில ஆட்டங்கள்தான் டி.வி.யில் வரும். நெப்ராஸ்கா மாதிரி பெரிய அணிகளுக்கு அது பெரிய விளம்பரம். 1984-ல் அமெரிக்க சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புக்கு பிறகு அந்த கட்டுப்பாடு உடைந்தது. இன்றைக்கு எல்லா அணியும் டி.வி.யில்தான்.

* உடற்பயிற்சி: 1969-லேயே எடை தூக்கும் பயிற்சிக்கு என்று தனி கோச் வைத்த அணி நெப்ராஸ்கா. மற்றவர்கள் அதை காப்பி அடித்ததும் அந்த லாபமும் போச்சு.

* லீக் மாற்றம்: 2011-ல் ‘பிக் டென்’ என்ற லீக்குக்கு மாறினார்கள். ஆட்டக்காரர்கள் விளையும் பூமியான டெக்சாசுடன் இருந்த தொடர்பு குறைந்தது. பரம எதிரி ஓக்லஹோமாவுடன் மோதுவதும் அபூர்வம் ஆனது. ஓகியோ ஸ்டேட், மிச்சிகன், பென் ஸ்டேட் என்று பலசாலிகளிடம் மாட்டிக்கொண்டார்கள். 2024-ல் மேற்கு கரையில் இருந்து மேலும் 4 அணிகள் சேர்ந்து அந்த லீக் 18 அணிகள் ஆனது.

* பணம்: 2021 ஜூலையில் இருந்து மாணவ ஆட்டக்காரர்கள் விளம்பரம் மூலம் சம்பாதிக்கலாம் என்று ஆனது. 2025 ஜூன் மாத கோர்ட்டு ஒப்பந்தப்படி கல்லூரியே நேரடியாக பணம் கொடுக்கலாம். முதல் வருஷத்துக்கு ஒரு கல்லூரிக்கு உச்சவரம்பு 2 கோடியே 5 லட்சம் டாலர். அணியில் 105 பேருக்கு மேல் கூடாது என்ற வரம்பும் வந்தது. கிராமத்து பையன்கள் படைக்கு இதில் அடி.

* கட்சி மாறுவது: ஒரு கல்லூரியில் ஆடிய பையன் அடுத்த வருஷம் வேறு கல்லூரிக்கு போய் உடனே ஆடலாம். 2021-ல் இருந்து இது சுலபம் ஆனது. யார் இருப்பார், யார் போவார் என்று யாருக்கும் தெரியாது.

ரூல் போட்ட கணக்கு

2022 நவம்பரில் மேட் ரூல் நியமிக்கப்பட்டார். 8 வருஷத்துக்கு 7 கோடியே 40 லட்சம் டாலர். விழுந்த அணிகளை தூக்கி நிறுத்துவதில் பெயர் எடுத்தவர். டெம்பிள் அணியில் முதல் வருஷம் 2 வெற்றி, 3-வது வருஷம் 10 வெற்றி. பெய்லர் அணியில் முதல் வருஷம் 1 வெற்றி, 3-வது வருஷம் 11 வெற்றி.

ரசிகர்கள் உடனே விரல் விட்டு எண்ணினார்கள். 2023 முதல் வருஷம், 2024 இரண்டு, 2025 மூன்று. ‘2025-ல தூக்கிருவோம்’ என்று முடிவே கட்டிவிட்டார்கள். 2024-ல் டிலன் ரயோலா என்ற இளம் குவார்ட்டர்பேக் வந்து சேர்ந்தார். அவருடைய அப்பாவும் இதே அணியில் ஆடியவர். எதிர்பார்ப்பு இரட்டிப்பு ஆனது.

நடந்தது என்ன? 2023-ல் 5 வெற்றி, 7 தோல்வி. 2024-ல் 7 வெற்றி, 6 தோல்வி. அந்த சீசன் கடைசியில் நியூயார்க்கில் பாஸ்டன் காலேஜ் அணியை 20-15 என்று வென்றார்கள். 2016-க்கு பிறகு அப்போதுதான் பவுல் ஆட்டத்தையே கண்ணில் பார்த்தார்கள். அதற்கே ஊரில் ஆனந்த கண்ணீர்.

எல்லாரும் காத்திருந்த 2025-ல்? அதே 7 வெற்றி, 6 தோல்வி.

நவம்பர் வந்தா கண்டம்

இந்த 3 சீசனையும் வரிசையாக வைத்து பார்த்தால் ஒரு வியாதி தெரிகிறது. நவம்பர் வந்தால் அணி படுத்துவிடுகிறது.

2023-ல் 8 ஆட்டத்தில் 5 வெற்றி. இன்னும் ஒன்று ஜெயித்தால் பவுல். நவம்பரில் நடந்த 4 ஆட்டமும் தோல்வி. நாலும் 7 புள்ளி அல்லது அதற்கும் குறைவான வித்தியாசம்.

2024-ல் முதல் 6 ஆட்டத்தில் 5 வெற்றி. அடுத்து இந்தியானா அணியிடம் 56-7 என உதை. தொடர்ந்து 4 தோல்வி.

2025-ல் அக்டோபர் முடிவில் 6 வெற்றி, 2 தோல்வி. கோச் ரூலை வேறு கல்லூரி கொத்திக்கொண்டு போய்விடும் என்று பேச்சு கிளம்பியதால், அக்டோபர் 30-ந் தேதி அவரது ஒப்பந்தத்தை 2032 வரை நீட்டினார்கள். 2 நாள் கழித்து யு.எஸ்.சி. அணியுடன் மேட்ச். ரயோலாவுக்கு கால் எலும்பு முறிந்தது. ஆட்டம் 21-17 என்று போனது. பிறகு பென் ஸ்டேட்டிடம் 37-10, பக்கத்து மாநிலமான அயோவாவிடம் 40-16, பவுல் ஆட்டத்தில் யூட்டாவிடம் 44-22 என்று வரிசையாக அடி. சீசன் முடிந்ததும் ரயோலா ஓரிகன் கல்லூரிக்கு மாறிவிட்டார்.

அயோவா விஷயம் தனி எரிச்சல். 2023, 2024 இரண்டு வருஷமும் 13-10 என்று கடைசி உதையில் தோல்வி. அயோவாக்காரன் பக்கத்து வீட்டுக்காரன் மாதிரி. வருஷம் பூரா சொல்லிக்காட்டுவான்.

இந்தியானா கிளப்பிய தீ

இத்தனைக்கும் பிறகு ரசிகர்கள் அடங்கி இருக்க வேண்டும் அல்லவா? அதுதான் இல்லை. அதற்கு காரணம் இந்தியானா.

அதே லீக்கில் ஆடும் அணி அது. நூறு வருஷத்துக்கு மேல் ஆடி, தோல்விக்கே பெயர் வாங்கிய அணி. 2023-ல்கூட 3 வெற்றி, 9 தோல்வி. அந்த அணிக்கு கர்ட் சிக்னெட்டி என்ற கோச் வந்தார். 2024-ல் 11 வெற்றி, 2 தோல்வி. 2025 சீசனில் 16-க்கு 16! 2026 ஜனவரியில் மியாமியை 27-21 என்று வென்று தேசிய சாம்பியன் ஆகிவிட்டது.

இதை பார்த்த நெப்ராஸ்கா ரசிகனுக்கு ஒரு பக்கம் பொறாமை. இன்னொரு பக்கம் நம்பிக்கை. ‘அவனே 2 வருஷத்துல ஜெயிக்கிறான்... 5 பட்டம் ஜெயிச்ச நமக்கு என்ன கேடு?’ என்பதுதான் கேள்வி. காசு இருக்கிறது, கூட்டம் இருக்கிறது, ஸ்டேடியம் இருக்கிறது. அப்புறம் ஏன் முடியவில்லை? பொறுமையாக இருங்கள் என்று இனி யாரும் சுலபமாக சொல்ல முடியாது.

எத்தனை ஜெயித்தால் போதும்?

2025 சீசனுக்கு பிறகு ரசிகர்களின் எதிர்பார்ப்பை 3 ரகமாக பிரிக்கலாம்.

முதல் ரகம், 1990-களை கண்ணால் பார்த்தவர்கள். இவர்களுக்கு 10 வெற்றிக்கு கீழே எதுவும் கணக்கில் வராது.

இரண்டாவது ரகம், நடுத்தர வயதுக்காரர்கள். சோலிச், பெலினி கதையை பார்த்து சூடு பட்டவர்கள். ‘8 ஜெயிச்சா சந்தோஷம், 9 ஜெயிச்சா கோவிலே கட்டலாம்’ என்பது இவர்கள் நிலை.

மூன்றாவது ரகம், இளசுகள். அணி சாம்பியன் ஆனதை தாத்தா சொல்லி கேட்டதோடு சரி. கடைசி பட்டம் 1997-ல். லீக் பட்டம்கூட 1999-க்கு பிறகு 2025 வரை இல்லை. இவர்கள் பெரிய அணி ஒன்றை அடித்து பார்க்க ஆசைப்படுகிறார்கள். காரணம் இருக்கிறது. 2016 செப்டம்பரில் ஓரிகனை வென்ற பிறகு, தரவரிசையில் முதல் 25 இடத்தில் உள்ள எந்த அணியையும் நெப்ராஸ்கா 2025 முடியும்வரை வென்றதே இல்லை!

உண்மையில் அணி மாறியிருக்கிறதா என்று பார்க்க மொத்த வெற்றி கணக்கு மட்டும் போதாது. இந்த 3 விஷயங்களை கவனித்தால் போதும்:-

1. தரவரிசை அணி ஒன்றையாவது வீழ்த்துகிறதா?

2. ஒரு டச் டவுன் வித்தியாசத்தில் முடியும் நெருக்கமான ஆட்டங்களில் பாதிக்கு மேல் ஜெயிக்கிறதா?

3. நவம்பரில் நிமிர்ந்து நிற்கிறதா? குறிப்பாக அயோவாவிடம்?

இந்த மூன்றும் நடந்தால் 9 தானாக வரும். நடக்காவிட்டால் செப்டம்பரில் சின்ன அணிகளை எத்தனை புள்ளியில் அடித்தாலும் அது சும்மா வாணவேடிக்கைதான்.

பழைய கோச்சுக்கு மரியாதை

எதிர்பார்ப்பு தப்பா? தப்பில்லை. அந்த எதிர்பார்ப்பு இல்லாவிட்டால் இந்த சின்ன மாநிலத்தில் இவ்வளவு பெரிய அணியே இருந்திருக்காது. ஆனால் ஆஸ்போர்னுக்கு 22 சீசன் காத்திருந்த ஊர், சோலிச்சுக்கு 6, கல்லஹனுக்கு 4, பெலினிக்கு 7, ரைலிக்கு 3 என்று பொறுமையை குறைத்துக்கொண்டது. ஆஸ்போர்ன் வருஷா வருஷம் 9 ஜெயித்தார், அதனால் காத்திருந்தார்கள் என்று சொல்லலாம். சோலிச் 2003-ல் ஜெயித்ததும் 9-தானே? பெலினி ஜெயித்ததும் அதுதானே?

இது ஊருக்கும் இப்போது புரிந்துவிட்டது. 2003-ல் துரத்தப்பட்ட சோலிச், ஓகியோ என்ற வேறு பல்கலைக்கழகத்துக்கு போய் 16 சீசன் ஜாம் ஜாம் என்று கோச்சாக இருந்தார். அவரை 2024 ஏப்ரலில் அதே மெமோரியல் ஸ்டேடியத்துக்கு அழைத்து மரியாதை செய்தார்கள். 20 வருஷம் கழித்து ஊர் கேட்ட மன்னிப்பு என்று அதை எடுத்துக்கொள்ளலாம்.

அன்றைக்கும் தோல்விதான்

கடைசியாக ஒரு விஷயம். மெமோரியல் ஸ்டேடியத்தில் 1962 நவம்பர் 3-ந் தேதியில் இருந்து ரசிகர்களை அனுமதித்த எல்லா ஆட்டத்துக்கும் டிக்கெட் முழுதாக விற்று தீர்ந்திருக்கிறது. 2024-ல் இந்த கணக்கு 400 ஆட்டத்தை தாண்டியது. அணி நொந்துபோன காலத்தில் மீதி டிக்கெட்டை நன்கொடையாளர்கள் வாங்கி, வசதி இல்லாத வீட்டு பிள்ளைகளுக்கு கொடுத்து கணக்கை காப்பாற்றியதும் உண்டு. 3 வெற்றி பெற்ற வருஷமும் ‘ஹவுஸ்புல்’. 9 தோல்வி கண்ட வருஷமும் ‘ஹவுஸ்புல்’.

அந்த 1962 நவம்பர் 3-ந் தேதி முதல் ‘ஹவுஸ்புல்’ ஆட்டத்தில் என்ன நடந்தது தெரியுமா?

மிசவுரி அணியிடம் நெப்ராஸ்கா 16-7 என்ற கணக்கில் தோற்றது. அடுத்த மேட்சுக்கும் கூட்டம் வந்தது.